ஒரே சொல்லை வைத்து ஓர் அகராதியை அளத்தல்: ஆக்ஸ்போர்டு பேரகராதியும் 'செட்'டும்

நீதிமன்ற ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் வேலைக்கு வந்த புதிதில், எதிர்த்தரப்பு வராததால் ஒரு தரப்பை மட்டும் கேட்டு வழங்கிய ஒருதரப்புத் தீர்ப்பாணை ஒன்றை நீதிமன்றம் 'செட் அசைட்' செய்தது என்ற வரியை, 'ஒதுக்கி வைத்தது' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9ஆம் கட்டளை, 13ஆம் விதியின்படி அந்தத் தீர்ப்பாணை செல்லாததாக்கப்பட்டது என்பதே அதன் பொருள். என் தமிழைப் படித்த கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம், "ஒதுக்கி வைத்திருக்கிறார்களாமே, மறுபடி எப்போது எடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறார். வழக்கறிஞர் சிரித்துக்கொண்டே இதை எனக்குச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேமிப்புக்காகப் பணத்தை ஒதுக்கி வைப்பதற்கும் தீர்ப்பை ரத்து செய்வதற்கும் ஒரே சொற்றொடர் எப்படிப் போதுமானதாகிறது என்ற கேள்வியோடு அகராதி தேடத் தொடங்கியவன், கடைசியில் வந்து சேர்ந்தது ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியிடம். அதை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் புழங்கிய பிறகு எழுதும் மதிப்புரை இது. அகராதி முழுவதையும் மதிப்பிடும் தகுதி எனக்கில்லை; 'செட்' என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை அது எப்படிக் கையாண்டிருக்கிறது என்பதை மட்டும் அளவுகோலாகக் கொள்கிறேன்.

என்னிடம் இருப்பது 1971இல் வெளிவந்த இரண்டு தொகுதிச் சுருக்கப் பதிப்பு. சுருக்கம் என்றால் உள்ளடக்கத்தில் எதையும் குறைத்ததாகக் கருத வேண்டாம். 1933இல் மறு அச்சான முழு அகராதியின் நான்கு பக்கங்களைச் சிறிதாக்கி ஒரே பக்கத்தில் படம் பிடித்து அச்சிட்டிருக்கிறார்கள்; சுருங்கியது எழுத்தின் உருவம்தான். அதனால் இரு தொகுதிகளையும் தாங்கும் அட்டைப் பெட்டியின் மேற்புறத்தில் ஒரு சிறிய இழுப்பறை வைத்து, அதற்குள் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் சேர்த்தே விற்றார்கள். நான் சென்னைத் திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கிய பிரதியில் இழுப்பறை இருந்தது, கண்ணாடி இல்லை. விற்றவர், "அது அப்பவே இல்லீங்க" என்று சொல்லிவிட்டார். அஞ்சல்தலை சேகரிப்பவர்கள் பயன்படுத்தும் கண்ணாடி ஒன்றைத் தனியாக வாங்கித்தான் முதல் பக்கத்தையே படிக்க முடிந்தது. பகல் வெளிச்சத்தில் அரை மணி நேரம் படிக்கலாம். இரவில் மேசை விளக்கை எவ்வளவு தாழ்த்தினாலும் கண் வலிக்கிறது. தாள் மெல்லியது, ஆனால் கிழிவதில்லை. தைத்துக் கட்டிய முதுகு, நம் ஊர்ப் புழுக்கத்திலும் பிரியாமல் நிற்கிறது. ஒவ்வொரு தொகுதியும் மடியில் வைத்துப் படிக்க முடியாத கனம்.

இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட கட்டுரை, 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு எழுதப்பட்டதுதான்: 430க்கும் மேற்பட்ட பொருள்கள், ஏறத்தாழ 60,000 சொற்கள். நடுத்தர அளவுள்ள ஒரு நாவலின் நீளம் அது. என் கையில் சுருக்க வடிவில் உள்ள முதல் பதிப்பிலேயே இந்த வினைச்சொல், சுருக்காத பக்கக் கணக்கில் 18 பக்கங்களைத் தாண்டி ஓடி, 154 பெரும் பிரிவுகளாகக் கிளைக்கிறது. இப்பகுதியைத் தொகுத்தவர் ஹென்றி பிராட்லி. தலைமைப் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரேயின் பெயர் பெற்ற புகழில் கால் பங்குகூட அவருக்குக் கிடைக்கவில்லை; அகராதியின் மிகக் கடினமான கட்டுரைகளுள் ஒன்று அவர் தலையில் விழுந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியில் 'டேக்' என்ற சொல்லுக்கு 134 பொருள்கள் கொடுத்ததை வியப்போடு பேசுவார்கள். அந்த வியப்பைப் பிராட்லியின் 18 பக்கங்களோடு ஒப்பிட்டால், அகராதிக்கலை இடைப்பட்ட காலத்தில் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பது புரியும்.

அவசரத்தில் திறப்பவரை இந்த அகராதி முதலில் ஏமாற்றும். பொருள்களை இன்றைய வழக்கின் அடிப்படையில் அடுக்காமல், வரலாற்று முறையில் பழையதிலிருந்து புதியதை நோக்கி அடுக்கியிருப்பதே அதற்குக் காரணம். ஆகவே 'செட்' என்ற தலைப்பின் கீழ் முதலில் எதிர்ப்படுவது 'உட்கார வைத்தல்' என்ற பொருள். தீர்ப்பும் இல்லை, அலாரமும் இல்லை, சூரியனும் இல்லை. நானும் முதல் நாள் எரிச்சலோடுதான் மூடி வைத்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமையாகப் படித்தபோது விளங்கியது: 'சிட்' என்றால் உட்கார்தல், 'செட்' என்றால் உட்காரச் செய்தல். ஆங்கிலத்தின் தன்வினை, பிறவினை இணை இது. நம்மிடம் 'இரு' என்பதிலிருந்து 'இருத்து' வருவதுபோல, 'எழு' என்பதிலிருந்து 'எழுப்பு' வருவதுபோல, பழைய ஜெர்மானிய மொழிகளிலும் உயிரெழுத்தை மாற்றிப் பிறவினை ஆக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. 'ஃபால்' என்றால் விழுதல், 'ஃபெல்' என்றால் மரத்தை வீழ்த்துதல். 'லை' என்றால் கிடத்தல், 'லே' என்றால் கிடத்துதல். ஆங்கிலேயப் பிள்ளைகளே இன்று குழம்பிப்போகும் இந்த இணைகளை, தன்வினையும் பிறவினையும் பள்ளியிலேயே படித்த தமிழர் ஒரே வாசிப்பில் பிடித்துக்கொள்ளலாம். முதல் பொருளை முதலில் வைத்த பிடிவாதத்துக்காகவே இந்த அகராதியை நான் மெச்சுகிறேன். அந்த வேர் தெரியாமல் மற்ற பொருள்களைப் படித்தால் அவை தொடர்பற்ற குவியலாகவே தோன்றும்.

வேர் பிடிபட்ட பிறகு இன்னொன்றும் கண்ணில் பட்டது. இது அகராதியில் இல்லை, அகராதி என்னைக் காண வைத்தது. 'செட்' செய்யும் வேலையில் பாதியைத் தமிழில் 'வை' என்ற ஓரெழுத்து வினை செய்துவிடுகிறது. தீ வைக்கிறோம், கண்ணி வைக்கிறோம், விலை வைக்கிறோம், கடிகாரத்தில் அலாரம் வைக்கிறோம், கோழியை அடை வைக்கிறோம், ஒரு மண்ணில் காலடி எடுத்து வைக்கிறோம், ஒன்றின் மீது மனம் வைக்கிறோம். இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் 'செட்' வரும். அதோடு நில்லாமல், ஒருவரைச் சிரிக்க வைத்தல், சிந்திக்க வைத்தல் என்று துணைவினையாக நின்று பிறவினைப் பொருள் தரும் வேலையையும் இரண்டும் செய்கின்றன. ஓரிடத்தில் ஒரு பொருளை இருத்துவதைக் குறிக்கும் எளிய சொல், இரு வேறு மொழிக் குடும்பங்களில் ஒரே பாதையில் நடந்து ஒரே ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு இது வெறும் வியப்புச் செய்தி அன்று. 'செட்' வரும் வாக்கியம் முன்னால் வந்ததும் இப்போதெல்லாம் நான் முதலில் 'வை' பொருந்துகிறதா என்று பார்க்கிறேன். பொருந்தாத இடங்களில்தான் உண்மையான வேலை தொடங்குகிறது.

பொருந்தாத இடங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கைத்தொழில் சார்ந்த இடங்களில் தமிழ் ஒவ்வொரு செயலுக்கும் தனிச் சொல் வைத்திருக்கிறது. மோதிரத்தில் கல்லை 'பதிக்கிறோம்', பாடலுக்கு 'மெட்டமைக்கிறோம்', ஈய எழுத்துகளை 'கோத்தோம்', முறிந்த எலும்பை நேராக்கிக் 'கட்டுகிறோம்'. ஆந்திரத்துப் புத்தூரில் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் நம்மூரில் நிறையப் பேர்; அதற்குப் புத்தூர்க் கட்டு என்றே பெயர். ஆங்கிலம் இத்தனைக்கும் 'செட்' ஒன்றையே நம்பியிருக்கிறது. பிராட்லி இந்தத் தொழில் வழக்குகளைத் தேடிச் சேர்த்த கவனம் கட்டுரையின் சிறந்த பகுதி. ரம்பத்தின் பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்த்து வளைப்பதும் 'செட்'தான் என்பதை அங்கேதான் அறிந்தேன். பற்கள் அப்படிச் சாய்ந்திருந்தால்தான் அறுப்பு வாய் ரம்பத்தகட்டைவிடச் சற்று அகலமாகி, தகடு மரத்துக்குள் சிக்கிக்கொள்ளாமல் ஓடும்.

இரண்டாவது வகை, செயப்படுபொருள் இல்லாமல் தானாக நிகழ்பவை. தயிர் உறைகிறது, கான்கிரீட் இறுகுகிறது, மரத்தில் காய் பிடிக்கிறது, பொழுது சாய்கிறது. நான்குக்கும் ஆங்கிலம் 'செட்'டையே நீட்டுகிறது. கட்டடத் தொழிலில் இது வெறும் சொல் விவகாரம் அன்று. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் இறுகத் தொடங்க 30 நிமிடங்களுக்குக் குறையாமலும், இறுகி முடிய 600 நிமிடங்களுக்கு மிகாமலும் ஆக வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் வரையறுக்கிறது. இறுகுவது வேறு, வலுப்பெறுவது வேறு. முதலாவது சில மணி நேரத்தில் முடியும், இரண்டாவதற்கு நாள் கணக்கில் நீர் ஊற்ற வேண்டும். ஒப்பந்த ஆவணத்தில் இரண்டையும் 'கெட்டியாதல்' என்று எழுதிவிட்டால் பின்னர் வழக்கில்தான் முடியும். சூரியனைப் பொறுத்தவரை, அகராதியின் விளக்கத்தைக் காட்டிலும் அது கிளறிவிட்ட நினைவே எனக்கு இனித்தது. தொல்காப்பியம் நெய்தல் நிலத்துக்கு வகுத்த சிறுபொழுதான 'எற்பாடு' என்பதில், 'எல்' ஞாயிறு, 'பாடு' அது படுவது. ஆங்கிலக் கதிரவன் மாலையில் உட்காருகிறான்; தமிழ்க் கதிரவன் படுத்தேவிடுகிறான்.

இனி குறைகள். பின்னொட்டுச் சொல் சேர்ந்த தொடர்வினைகளை எல்லாம் கட்டுரையின் இறுதியில் தொகுத்திருக்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் தேடுவது பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது என்பதால், ஒவ்வொரு முறையும் கட்டுரையின் பெரும்பகுதியைக் கடந்து போக வேண்டியிருக்கிறது. 'செட் ஆஃப்' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பயணமானால் புறப்படுதல், வெடியானால் வெடிக்கச் செய்தல், நிறமானால் பக்கத்து நிறத்தை எடுத்துக்காட்டுதல், கடனானால் ஒன்றுக்கு ஒன்று கழித்துக்கொள்ளுதல். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428ஆம் பிரிவும், அதன் இடத்தில் இப்போது வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 468ஆம் பிரிவும், விசாரணைக் காலத்தில் ஒருவர் சிறையில் இருந்த நாட்களைத் தண்டனைக் காலத்திலிருந்து கழிக்க வேண்டும் என்று கூறுமிடத்தில் வருவது இந்தச் சொற்றொடர்தான். தவறாகப் பெயர்த்தால் ஒரு மனிதரின் விடுதலை நாள் குழம்பிப்போகும். அகராதி இந்தப் பொருளைத் தருகிறது. ஆனால் எது அன்றாட வழக்கு, எது சட்ட வழக்கு, எது இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே செத்துப்போனது என்பதைக் கண்ணாடி வழியே சின்னஞ்சிறு குறிகளிலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வழக்கொழிந்த சொல்லுக்கு முன்னால் நிற்கும் சிலுவை போன்ற குறியை நான் ஒருமுறை தூசி என்று நினைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

'செட் அப்' என்பதற்கு வந்தபோது பிராட்லியே களைத்திருக்க வேண்டும். 154ஆவது பிரிவான அதன் உட்பிரிவுகள் ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளையும் தீர்த்துவிட்டு, மீண்டும் எழுத்துகளை இரட்டித்துக்கொண்டு 'ஆர் ஆர்' வரை போகின்றன; மொத்தம் 44. அத்தனையையும் படித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

இந்த இடத்தில், ஆங்கிலம் கற்போருக்காக ஹார்ன்பி தொகுத்த மாணவர் அகராதியை ஒப்பிட்டே ஆக வேண்டும். 1942இல் ஜப்பானில் முதன்முதலாக அச்சாகி, பின்னர் ஆக்ஸ்போர்டின் வெளியீடாக உலகெங்கும் பரவி, நம் கல்லூரி மாணவர்களின் மேசைகளிலும் இடம்பிடித்த அந்த நூல், வினைச்சொல் எந்த வாய்பாட்டில் வாக்கியத்தில் உட்காரும் என்பதைத் தெளிவாகச் சொல்கிறது. 'செட்'டுக்குப் பின்னால் எது வந்தால் எந்தப் பொருள் என்பதை அதில் ஒரு நிமிடத்தில் கண்டுகொள்ளலாம். நாள்தோறும் பத்துப் பக்கம் பெயர்க்கும் வேலைக்கு அதுவே போதும். பேரகராதி அதற்கு மாற்று அன்று. ஆனால் மாணவர் அகராதியில் 'செட் அசைட்' என்பதற்குக் கீழே வரிசையாக நிற்கும் பொருள்கள் ஏன் ஒன்றோடொன்று உறவாயின என்பது தெரியாது. பேரகராதியிலோ, ஒரு பொருளை எடுத்து ஓரமாக இருத்துதல், பிறகு அதைக் கணக்கில் கொள்ளாது விடுதல், பிறகு அதன் செல்லுபடியையே நீக்குதல் என்று படிகளாக இறங்கும் மேற்கோள்களைப் பார்த்தபோதுதான் என் பழைய தவறு எந்தப் படியில் நிகழ்ந்தது என்பது தெரிந்தது. நான் முதல் படியிலேயே நின்றுவிட்டிருக்கிறேன்.

பெயர்ச்சொல்லாக வரும் 'செட்' தனிக் கதை. அதற்கு இரண்டு வேர்களைக் காட்டுகிறது அகராதி. ஒன்று மேற்சொன்ன வினையிலிருந்து பிறந்தது. மற்றொன்று பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் 'செக்டா'விலிருந்து வந்தது. ஒருவரைப் பின்பற்றுவோர் கூட்டம் என்பது அதன் பொருள், சமயப் பிரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் அதுவே தாய். காலப்போக்கில் இரண்டும் கலந்து, சேர்த்து வைக்கப்பட்ட பொருள்களின் தொகுதி என்ற கருத்து உருவாகியிருக்கிறது. இதைப் படித்தபோது நம் பேச்சு வழக்கு நினைவுக்கு வந்தது. "அவன் எங்க செட்டு" என்று கல்லூரி நண்பனைச் சுட்டும்போது நாம் அறியாமலே பழைய லத்தீன் பொருளுக்கு மிக அருகில் நிற்கிறோம். மைக்செட், பம்ப்செட் என்னும்போது பிற்காலப் பொருளுக்கு வந்துவிடுகிறோம். கர்நாடகத்திலிருந்து வந்த செட் தோசையோ எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டது. கணிதத்தில் இச்சொல்லுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'கணம்' என்றும் இலங்கைப் பாடநூல்கள் 'தொடை' என்றும் பெயரிட்டிருக்கின்றன. தொடுத்தல் என்ற செயல் உள்ளே தெரிவதால் எனக்கு இலங்கையின் தேர்வே அழகாகப் படுகிறது. "எனக்கும் அவருக்கும் செட் ஆகல" என்பதில் உள்ள பொருத்தம் என்ற பொருள் நாம் இங்கே வளர்த்தெடுத்தது. அதை ஆக்ஸ்போர்டில் தேடுவது நியாயமில்லை, நம் அகராதிகள்தாம் பதிய வேண்டும்.

எந்தப் பதிப்பை வாங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். 1971ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ள 'செட்' கட்டுரை வானொலிப் பெட்டியும் தொலைக்காட்சிப் பெட்டியும் வீட்டுக்குள் வராத காலத்தில் எழுதப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. வேரும் பழைய கிளைகளும் வேண்டுவோருக்கு அது போதும். 1991இல் இரண்டாம் பதிப்பை ஒரே தொகுதிக்குள் அடக்கி ஒரு சுருக்கப் பதிப்பு வந்தது. அதில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பக்கங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2000ஆம் ஆண்டு முதல் இணையத்தில் சந்தா முறையில் கிடைக்கும் பதிப்புதான் இன்று உயிரோடு வளர்வது. எழுத்தின் அளவு தொல்லை அங்கில்லை. பொருள், சொற்பிறப்பு, வடிவங்கள் என்று பிரித்துக் காட்டுவதால் தொடர்வினைகளைத் தேடிப் பிடிப்பதும் எளிது. தனியாளாகச் சந்தா கட்டுவது சுமைதான். பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அந்த இணையப் பதிப்பில் 'செட்' தன் முதலிடத்தை இழந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2011இல் திருத்தி எழுதப்பட்ட 'ரன்' என்ற வினைச்சொல், 645 பொருள்களோடு அதைத் தாண்டிப் போய்விட்டது. அதைத் தொகுக்க அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான பீட்டர் கிலிவருக்கு ஒன்பது மாதங்கள் ஆயின. எந்திரமும் பேருந்தும் கணினி நிரலும் ஓடத் தொடங்கிய நூற்றாண்டில், உட்கார வைக்கும் சொல்லை ஓடும் சொல் முந்தியதில் எனக்கு வியப்பில்லை. நம் 'ஓடு' என்ற வினையும் அந்த வேலைகளில் பலவற்றை ஏற்றுக்கொண்டிருக்கிறது. படம் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது.

பழைய இரு தொகுதிப் பதிப்பு நடைபாதைக் கடைகளில் இன்னும் அவ்வப்போது தென்படுகிறது. விலை பேசும் முன் இழுப்பறையைத் திறந்து கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைச் சொல்லியே குறைக்கலாம். இரண்டு தொகுதிகளும் இருக்கின்றனவா என்பதையும் சரிபாருங்கள். ஒற்றைத் தொகுதியை மட்டும் கட்டி வைத்து விற்பவர்களையும் நான் கண்டிருக்கிறேன். ஒன்றுதான் கிடைக்கும் என்றால், 'எஸ்' எழுத்து இருக்கும் இரண்டாம் தொகுதியைக் கேட்டு வாங்குங்கள்.